நட்சத்திரத்தை நம்பி வாங்கலாமா?

ஆன்லைனில் பொருள் வாங்கி ஏமாந்தவர்களின் கடிதங்கள் சில மாதங்களாகவே இந்தப் பகுதிக்கு வந்துகொண்டிருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே விஷயம், ரிவ்யூவை நம்பி வாங்கினோம், ரிவ்யூ பொய். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

அக்கா, 4.4 ஸ்டாரும் ஆயிரக்கணக்கில் ரிவ்யூவும் இருந்த மிக்ஸி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இருபதாவது நாள் இட்லிப் பொடி அரைக்கும்போது கருகல் வாடை வந்து மோட்டார் நின்றுவிட்டது. ரிட்டர்ன் நாள் முடிந்துவிட்டது என்கிறார்கள். அத்தனை பேரும் பொய்யா எழுதியிருப்பார்கள்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் ஒரு அட்டை இருந்தது, 5 ஸ்டார் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் 150 ரூபாய் தருவதாக. வந்த இரண்டாம் நாளே நானும் போட்டுவிட்டேன். அதுதான் மனசை உறுத்துகிறது.
— குடும்பத்தலைவி, கும்பகோணம்

உங்கள் கேள்விக்கான பதில் அந்த அட்டையில்தான் இருக்கிறது. அந்த ஆயிரக்கணக்கான பேரும் பொய்யர்கள் இல்லை. உங்களைப் போலவே பெட்டியைப் பிரித்து, ஒரு சட்னி அரைத்துப் பார்த்து, நல்லாத்தானே ஓடுது என்று நினைத்து, 150 ரூபாய் வருகிறதே என்று ஸ்டார் போட்டவர்கள்தான் அதில் நிறைய பேர் இருப்பார்கள். மோட்டார் கருகுவது இருபதாம் நாள். ரிவ்யூ எழுதுவது இரண்டாம் நாள். அந்த அட்டையைப் பெட்டிக்குள் வைத்தவருக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் சீக்கிரம் எழுதச் சொல்லிக் காசு தருகிறார்.

இதற்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபேஸ்புக் குரூப்களில் ஏஜெண்டுகள் பொருளின் படத்தைப் போடுவார்கள். நீங்கள் உங்கள் காசில் வாங்க வேண்டும், ஒரு வாரம் கழித்து 5 ஸ்டாரும் நாலு வரியும் போட்டோவும் போட வேண்டும், ரிவ்யூ வெளியானதும் முழுப் பணமும் உங்கள் கணக்குக்குத் திரும்ப வந்துவிடும். பொருள் இலவசம். இப்படி எழுதப்படும் ரிவ்யூவுக்குப் பக்கத்திலும் 'வாங்கியவர் என்று உறுதி செய்யப்பட்டது' என்ற முத்திரை இருக்கும், ஏனென்றால் அவர் உண்மையிலேயே வாங்கியிருக்கிறார். பல பேர் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். வாங்கியதை மட்டும்தான் அது சொல்லும், எழுதியதற்குக் காசு வாங்கினாரா என்பதை அது சொல்லாது.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் பழைய ரிவ்யூவைத் திருத்த முடியும், போய்த் திருத்துங்கள். இருபதாம் நாள் என்ன நடந்தது என்று எழுதுங்கள், நின்றுபோன மிக்ஸியின் போட்டோவைப் போடுங்கள், அட்டை பற்றியும் எழுதுங்கள். உறுத்தல் அதோடு போய்விடும். ரிட்டர்ன் நாள் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று அவர்கள் சொல்வதை ஏற்காதீர்கள். ரிட்டர்ன் வேறு, வாரண்டி வேறு. பில்லை எடுத்துக்கொண்டு தயாரித்த கம்பெனியிடம் வாரண்டி கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமே கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

பெரிய ஆன்லைன் கடைகள் எல்லாம் கோடிக்கணக்கான போலி ரிவ்யூக்களைத் தடுத்துவிட்டதாக அறிக்கை விடுகின்றன. நான் 34 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். கணக்கை எழுதுகிறவரே ஆடிட்டராகவும் இருந்தால் அந்தக் கணக்கை நம்ப முடியுமா?
— ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், கோயம்புத்தூர்

ஐயா, இதைவிட நன்றாக இந்தப் பிரச்சினையை என்னால் சொல்ல முடியாது.

அவர்கள் சொல்லும் எண்ணைப் பார்ப்போம். 2020-ல் மட்டும் 20 கோடிக்கும் மேற்பட்ட சந்தேக ரிவ்யூக்களை வெளிவரும் முன்பே தடுத்ததாக அமேசான் சொன்னது. 2023-ல் அது 25 கோடிக்கும் மேல் என்றார்கள். எண் பெரியதுதான். ஆனால் தடுத்தது எத்தனை என்று மட்டும்தான் அது சொல்கிறது. எத்தனை தப்பித்து உள்ளே வந்தது, வந்தது எத்தனை நாள் அங்கேயே இருந்தது, அதை நம்பி எத்தனை பேர் வாங்கினார்கள், அவர்களில் ஒருவருக்காவது 'நீங்கள் படித்த ரிவ்யூ போலி' என்று தகவல் போனதா என்பதெல்லாம் அந்த அறிக்கையைப் படித்தால் நமக்குத் தெரியாது.

வெளியிலிருந்து இதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று பேர் ஃபேஸ்புக் குரூப்களுக்குள் போய், ரிவ்யூவுக்கு ஆள் தேடிய ஏறக்குறைய 1,500 பொருட்களைப் பிடித்து, ஒவ்வொன்றையும் அமேசானில் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுடைய கட்டுரை 2022-ல் வெளியானது. அதன்படி அமேசான் போலிகளை நிறையவே நீக்குகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீக்குவதற்குச் சராசரியாக 100 நாளுக்கு மேல் ஆகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஆடித் தள்ளுபடிக்குப் போட்ட பொய் ரிவ்யூவைத் தீபாவளி வியாபாரம் முடிந்த பிறகு எடுக்கிறார்கள். அதற்குள் விற்க வேண்டியது விற்றாகிவிட்டது. செல்லருக்குத் தேவைப்பட்டதே அந்த நூறு நாள்தானே?

அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமில்லை. சின்னச் சின்ன வேலைகளுக்கு ஆன்லைனில் ஆள் பிடிக்கும் ஃபைவர் தளத்தில் 5 டாலருக்கு ரிவ்யூ விற்ற 1,114 பேர் மீது 2015-ல் அமேசான் வழக்குப் போட்டது. 2022-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் குரூப்களின் அட்மின்கள் மீது போட்டது, அதில் ஒரே ஒரு குரூப்பில் மட்டும் 43,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2021-ல் சில மாதங்களுக்குள் சுமார் 600 சீன பிராண்டுகளை வெளியேற்றினார்கள், அதில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த சார்ஜர், ஹெட்போன் கம்பெனிகளும் உண்டு. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். முடிவு செய்தால் 600 பிராண்டைத் தூக்க முடிகிற கையால், நம் கண்ணுக்கே தெரிகிற போலிகளை மாதக்கணக்கில் தொட முடியவில்லை என்றால் எப்படி ஏற்பது? ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்குக் கமிஷன் வருகிறது. பொருளை மேலே காட்ட செல்லர் கட்டும் விளம்பரக் காசும் கடைக்கே வருகிறது. ஸ்டார் ஏறினால் விற்பனை ஏறும், விற்பனை ஏறினால் கமிஷன் ஏறும். பொய்யால் லாபம் அடைகிறவரிடமே பொய்யைப் பிடிக்கும் வேலையை முழுசாக ஒப்படைத்திருக்கிறோம்.

நம் நாட்டில் சட்டம் எப்படி இருக்கிறது? 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி ஒரு விற்பனையாளர் தானே வாடிக்கையாளர் போல நடித்து ரிவ்யூ எழுதக் கூடாது. 2022 நவம்பரில், ஐஎஸ்ஐ முத்திரை தருகிற அதே இந்தியத் தர நிர்ணய அமைவனம், ஐஎஸ் 19000 என்று ஆன்லைன் ரிவ்யூவுக்கே ஒரு தரநிலை கொண்டுவந்தது. எழுதுகிறவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும், காசுக்கு எழுதியதைப் போடக் கூடாது, குறை சொல்வதை அமுக்கக் கூடாது என்பதெல்லாம் அதன் நோக்கம். நல்ல விஷயம். ஆனால் விருப்பம் இருக்கிற கடை பின்பற்றலாம் என்ற அளவில்தான் அதை அறிமுகம் செய்தார்கள். கட்டாயமாக்க வேண்டும் என்ற பேச்சு 2024-ல் எழுந்தது. குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், முத்திரை இல்லாத குக்கரை விற்க விட்டதற்காக அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் அபராதம் போட்டது. குக்கருக்குச் செய்ததை அந்தக் குக்கரை விற்றுக்கொடுக்கும் ரிவ்யூவுக்கும் செய்ய வேண்டும் என்பதுதான் என் கருத்து. கூடவே ஒவ்வொரு போலியையும் எத்தனை நாளில் நீக்கினார்கள் என்று வெளியில் இருக்கும் ஒருவர் தணிக்கை செய்து சொல்ல வேண்டும். உங்கள் வங்கியில் நடந்தது அதுதானே ஐயா?

நான் எழுதிய 1 ஸ்டார் ரிவ்யூ வெளியாகவே இல்லை. கெட்ட வார்த்தை எதுவும் எழுதவில்லை, சுடிதார் சாயம் போனதைத்தான் எழுதினேன். இப்படியும் செய்வார்களா?
— வாசகி, சேலம்

செய்திருக்கிறார்கள், பிடிபட்டும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபேஷன் நோவா என்ற ஆன்லைன் துணிக்கடை 4, 5 ஸ்டார் ரிவ்யூக்களைத் தானாக வெளியிட்டுவிட்டு, அதற்குக் கீழே வந்தவற்றை அனுமதிக்காகக் காத்திருப்பில் போட்டு அப்படியே விட்டுவிட்டது. 2015 கடைசியிலிருந்து 2019 நவம்பர் வரை லட்சக்கணக்கான ரிவ்யூக்கள் அப்படி வெளியே வரவே இல்லை. 2022-ல் 42 லட்சம் டாலர் கட்டும்படி ஆனது. உங்கள் விஷயத்தில், எழுதியதன் ஸ்க்ரீன்ஷாட் இருந்தால் பத்திரமாக வையுங்கள். படம் இல்லாமல், செல்லரைத் திட்டாமல், பொருளைப் பற்றி மட்டும் இன்னொரு முறை எழுதிப் பாருங்கள். செல்லரின் நடத்தை, டெலிவரி பற்றி எழுதினால் பொருள் ரிவ்யூவில் சேராது என்று நீக்குகிற கடைகள் உண்டு. சாயம் போனதை எழுதியதற்கே மறுபடி மறுத்தால் அதையும் 1915-ல் சொல்லுங்கள்.

மேடம், நான் டி-ஷர்ட் தைத்து ஆன்லைனில் விற்கிறேன், எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். எதிர்த்த கம்பெனி ஆள் வைத்து எனக்கு 1 ஸ்டார் போடுகிறான் என்று சந்தேகம். ஒரு ஏஜெண்ட் 200 ரிவ்யூவுக்கு ரேட் சொல்கிறான். எல்லாரும் செய்கிறார்கள், நான் மட்டும் ஒழுங்காக இருந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்கிறான் என் தம்பி.
— சிறு உற்பத்தியாளர், திருப்பூர்

அண்ணா, உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். எட்டுக் குடும்பம் உங்களை நம்பி இருக்கும்போது ஒழுக்கம் பற்றி நான் பாடம் எடுக்க வரவில்லை. கணக்காகவே பேசுவோம்.

மேலே சொன்ன அதே ஆய்வில் இன்னொன்றும் கண்டார்கள். ரிவ்யூ வாங்கிய பொருட்களின் ரேட்டிங்கும் விற்பனையும் உடனே ஏறின. வாங்குவதை நிறுத்தியதும் ரேட்டிங் இறங்கத் தொடங்கியது, 1 ஸ்டார்களின் பங்கு கூடியது. காரணம் எளிது. ஸ்டாரைப் பார்த்து எதிர்பார்ப்போடு வாங்கியவர் கையில் சாதாரணப் பொருள் கிடைத்தால் கோபத்தில் எழுதுவார். ஆக, ஒரு முறை வாங்கினால் தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஏஜெண்டுக்குக் கிடைப்பது மாதச் சம்பளம். இன்னொரு பக்கம், அந்த ஏஜெண்ட் கையில் உங்கள் வாட்ஸ்அப் உரையாடலும் பணம் அனுப்பிய ஆதாரமும் இருக்கும். நாளைக்கு அவன் மிரட்டினால் என்ன செய்வீர்கள்? கடை கண்டுபிடித்தால் உங்கள் கணக்கை முடக்கும். பெரிய பிராண்டுக்கு மீண்டு வர வக்கீல் இருக்கிறார், எட்டுத் தையல் மெஷினுக்கு யார் இருக்கிறார்கள்?

போட்டியாளரை ஆள் வைத்துத் திட்டுவதும் புதிதில்லை. தைவானில் எச்டிசி போனைக் குறை சொல்லி எழுத ஆட்களுக்குக் காசு கொடுத்ததற்காக 2013-ல் சாம்சங்குக்கு அந்நாட்டு வணிக ஆணையம் 1 கோடி தைவான் டாலர் அபராதம் போட்டது. உங்கள் சந்தேகம் சரியா என்று பார்க்க அந்த 1 ஸ்டார்களின் தேதிகளை எழுதிப் பாருங்கள். நாலைந்து நாளுக்குள் கொத்தாக, சைஸ், துணி, தையல் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், போட்டோவும் இல்லாமல் வந்திருந்தால் அதைப் பட்டியல் போட்டுக் கடைக்குப் புகார் அனுப்புங்கள், பதில் வரும்வரை வாராவாரம் அனுப்புங்கள். மற்ற குறைகளுக்கு நீங்களே பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள். 'முதல் சலவையில் அரை இஞ்ச் சுருங்கும், ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்' என்று ஒரு தயாரிப்பாளர் எழுதியதைப் பார்த்து நான் அவரிடமே நாலு சட்டை வாங்கியிருக்கிறேன்.

உடல் எடை குறைய 'கார்சினியா' மாத்திரை என்று மகள் ஆர்டர் செய்திருக்கிறாள். ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறைந்தது என்று நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். நம்பலாமா?
— வாசகர், நாகர்கோவில்

ஐயா, கார்சினியா கம்போஜியா என்பது வேறொன்றுமில்லை, உங்கள் ஊர் மீன் குழம்பில் போடுகிற குடம்புளிதான். அதன் சாறை மாத்திரையாக்கி விற்கிறார்கள். ஆன்லைன் கடையில் காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூவுக்கு எதிராக அமெரிக்காவின் வணிக ஆணையம் எடுத்த முதல் வழக்கே இந்த மாத்திரைதான், 2019-ல். ஒரு கம்பெனி உரிமையாளர் ரிவ்யூ விற்கும் தளத்துக்கு 1,000 டாலர் கொடுத்து, விற்பனை நடக்க 4.3 ஸ்டாராவது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். 1.28 கோடி டாலருக்குத் தீர்ப்பு எழுதப்பட்டது, ஆனால் 50,000 டாலர் கட்டினால் மீதி நிறுத்தி வைக்கப்படும் என்று முடித்தார்கள். இந்த மாத்திரையால் கல்லீரல் பாதித்த நோயாளிகள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மகளிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள், டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரை கூட வேண்டாம். குழம்பில் போடுவதை நிறுத்த வேண்டாம்.

ஓட்டல்களுக்கு கூகுள் மேப்பில் 5 ஸ்டார் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய் என்று டெலிகிராமில் வேலை வந்தது. மூன்று போட்டேன், 150 ரூபாய் வந்துவிட்டது. இப்போது 2,000 ரூபாய் கட்டினால் 2,800 கிடைக்கும் டாஸ்க் என்கிறார்கள். கட்டலாமா அக்கா?
— கல்லூரி மாணவர், மதுரை

கட்டாதே தம்பி. இதைப் படிக்கும் இந்த நிமிடமே அந்த குரூப்பை விட்டு வெளியே வா. அந்த 150 ரூபாய் தூண்டில் புழு. 2,000 கட்டினால் 2,800 தருவார்கள், அப்புறம் 10,000 கேட்பார்கள், திரையில் உன் பணம் பெருகியதாகக் காட்டுவார்கள், எடுக்கப் போனால் வரி, கட்டணம் என்று இன்னும் கேட்பார்கள். இப்படி லட்சக்கணக்கில் இழந்து, அப்பாவிடம் சொல்ல முடியாமல் தவித்த பிள்ளைகள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழை, சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. உன் வங்கிக் கணக்கை, ஏடிஎம் கார்டை வாடகைக்குக் கேட்டால் கொடுத்துவிடாதே, போலீஸ் முதலில் தேடி வருவது உன்னைத்தான். அந்த மூன்று ஓட்டலுக்கும் போட்ட ஸ்டாரையும் நீக்கிவிடு.

இங்கே பிரிட்டனில் போலி ரிவ்யூவுக்குத் தடை வந்துவிட்டது என்கிறார்கள். இனிப் பயமில்லாமல் வாங்கலாமா? ஒரு பக்கத்தில் குழந்தைக்கான கார் சீட்டுக்குக் கீழே பாதி ரிவ்யூ குடை பற்றி இருக்கிறது, அது என்ன?
— யாழ்ப்பாணத்துச் சகோதரி, லண்டன்

2025 ஏப்ரல் 6 முதல் அங்கே போலி ரிவ்யூ எழுதுவதும் எழுத வைப்பதும் சட்டப்படி தடை, அதைத் தடுக்கத் தேவையான நடவடிக்கை எடுக்க வேண்டிய பொறுப்பும் கடைக்கு உண்டு. மீறினால் உலக வருமானத்தில் 10 சதவீதம் வரை அபராதம் போடும் அதிகாரம் உங்கள் போட்டி, சந்தை ஆணையத்துக்கு இருக்கிறது. இதே ஆணையம் 2021 ஜூனில் கூகுள், அமேசான் இரண்டின் மீதும் விசாரணை தொடங்கியது. கூகுள் 2025 ஜனவரியிலும் அமேசான் அதே ஆண்டு ஜூனிலும்தான் மாறிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தன. ஏறக்குறைய நாலு வருடம். அதனால் சட்டத்தை வரவேற்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

குடை விஷயம்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. நல்ல பெயர் எடுத்த பழைய பொருளின் பக்கத்தில் புதிய பொருளை ஏற்றி, பழைய ஸ்டார்களை அப்படியே சுவீகரித்துக்கொள்வார்கள். வேறு நிறம், வேறு சைஸ் என்று சேர்ப்பதற்கு இருக்கும் வசதியைப் பயன்படுத்திச் செய்வது இது. இதற்காக 2023-ல் ஒரு அமெரிக்க விட்டமின் கம்பெனி 6 லட்சம் டாலர் கட்டியது. பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட கார் சீட்டுக்கு அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். கடைக்கு நேரில் போய், பாதுகாப்புத் தர எண் பார்த்து, உங்கள் காரில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

மற்ற பொருட்களுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். சராசரி ஸ்டாரைப் பார்ப்பதே இல்லை. புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி 2, 3, 4 ஸ்டார்களை மட்டும் படிப்பேன், அங்கேதான் மூன்று மாதம் பயன்படுத்திய ஆட்கள் இருப்பார்கள். மூடி லூஸ், வயர் குட்டை, சத்தம் அதிகம் என்று ஒரே குறையை ஐந்து பேர் தனித்தனியாகச் சொன்னால் அது உண்மை என்று எடுத்துக்கொள்வேன்.

அடுத்த இதழிலும் இதைத் தொடரலாம் என்று இருக்கிறேன். கும்பகோணம் சகோதரிக்கு வந்த மாதிரி அட்டை உங்கள் பெட்டியிலும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்து, எந்தப் பொருள், எந்தத் தேதி என்று பின்னால் எழுதி எங்களுக்கும் அனுப்புங்கள், 1915 புகாரோடும் சேருங்கள்.